டிஎன்னா, இ-2வா: பிராம்ப்டனிலிருந்து ஹூஸ்டன் போன ஒரு குடும்பத்தின் விசாக் கணக்கு

"அமெரிக்காவுல ஒரு பிசினஸ் வாங்கினா விசா குடுக்கறாங்களாமே, குறைஞ்சது எவ்வளவு போடணும்?"

2023 செப்டம்பரில் நண்பர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டனில் ஒரு பங்காளியோடு ஆளுக்குப் பாதி என்று 16 வருஷமாக ஏசி, குளிர்பதன ரிப்பேர் கம்பெனி நடத்தியவர். நான் வக்கீல் இல்லை, கணக்குப் பார்ப்பவன். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் கணக்குப் பார்ப்பவனிடம்தான் வருவார்கள், ஏனென்றால் அவன் முதல் அரை மணி நேரத்துக்குக் காசு கேட்க மாட்டான். கீழே வருவது அந்தக் குடும்பத்தின் கதை. அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், தொகைகளைக் கொஞ்சம் முழு எண்களாக்கி எழுதுகிறேன்.

அவர் திருச்சியில் பிறந்தவர், மனைவி யாழ்ப்பாணத்தில். இருவரும் இப்போது கனடியக் குடிமக்கள். இந்தப் பிறந்த ஊர் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் அது பெரிதாக வரும். மனைவி 2011லிருந்து ஒன்டாரியோவில் பதிவு பெற்ற நர்ஸ். மகன் 2008 மார்ச்சில் பிறந்தவன், மகள் அவனை விட ஆறு வயது சின்னவள். போக நினைத்த இடம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன். காரணம் எளிது: ஒன்டாரியோவில் ஏசிக்காரனுக்கு நாலு மாதம் சீசன், ஹூஸ்டனில் பத்து மாதம். அங்கே அவருடைய சித்தப்பா மகன் ஏற்கனவே இருக்கிறார்.

எந்த வழிகள் இருந்தன, எது ஏன் விழுந்தது

கனடியர்களுக்கு அமெரிக்கா போக மற்ற நாட்டவருக்கு இல்லாத ஒரு கதவு உண்டு. 1994இல் நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தோடு வந்தது, 2020 ஜூலை 1இலிருந்து அதன் இடத்துக்கு வந்த புது ஒப்பந்தத்திலும் தொடர்கிறது: டிஎன். பட்டியலில் அறுபதுக்கு மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு உங்களிடம் தகுதியும் ஒரு அமெரிக்க முதலாளியின் கடிதமும் இருந்தால் கனடியக் குடிமகன் தூதரகப் பக்கமே போக வேண்டியதில்லை. எல்லையிலோ விமான நிலையத்திலோ காகிதங்களை நீட்டி, 50 டாலரும் நுழைவுப் பதிவுக்கான சின்னக் கட்டணமும் கட்டி, அன்றைக்கே மூன்று வருஷம் வரை வாங்கிக்கொண்டு போகலாம். குடிமகன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கனடாவின் நிரந்தரக் குடியிருப்புக்கான பிஆர் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவருக்கு இது கிடையாது, இதைத் தெரியாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். பட்டியலும் வினோதமானது. சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் உண்டு, புரோகிராமர் இல்லை. இன்ஜினியர் உண்டு, மெக்கானிக் இல்லை.

நண்பர் அங்கேதான் விழுந்தார். அவரிடம் இருப்பது ஒன்டாரியோவின் 313ஏ தொழில் சான்றிதழ், ஏசி குளிர்பதன மெக்கானிக்குக்கு உரியது. "டெக்னீஷியன்னு ஒண்ணு லிஸ்ட்ல இருக்கே" என்று எடுத்துக் காட்டினார். இருக்கிறதுதான், ஆனால் அது ஒரு விஞ்ஞானிக்கோ இன்ஜினியருக்கோ நேரடியாகத் துணை நிற்கும் தொழில்நுட்ப உதவியாளருக்கு. எலெக்ட்ரீஷியன், தச்சர், வெல்டர் மாதிரிக் கட்டுமானத் தொழில்கள் அதில் சேராது என்று வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதோடு டிஎன்னில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது, தன் கம்பெனி தனக்கே கடிதம் கொடுப்பதெல்லாம் நடக்காது.

அடுத்து எல்-1. உண்மையைச் சொன்னால் நீண்ட நோக்கில் இதுதான் சிறந்தது. கனடாக் கம்பெனியில் கடந்த மூன்று வருஷத்தில் ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த மேலாளர், அதே கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கு மாறிப் போகலாம். புதுக் கிளை என்றால் முதலில் ஒரு வருஷம்தான், அப்புறம் நீட்டித்து மொத்தம் ஏழு வருஷம் வரை. மனைவியும் வேலை பார்க்கலாம், கிரீன் கார்டு கேட்பதிலும் சங்கடம் இல்லை. ஆனால் இரண்டு கம்பெனியும் ஒரே உரிமையின் கீழ் இருக்க வேண்டும், கனடாப் பக்கம் தொடர்ந்து நடக்கவும் வேண்டும். பாதிப் பங்காளியை ஹூஸ்டன் கம்பெனியில் சேரக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் நாற்பது வருஷமாக பிராம்ப்டனை விட்டு நகராத மனுஷர். "நீ போ, உன் பங்கை நான் வாங்கிக்கறேன்" என்றார். எல்-1 அதோடு முடிந்தது.

நேரடியாகக் கிரீன் கார்டு தரும் முதலீட்டு வழியான ஈபி-5ஐ ஒரு வரியில் தாண்டிவிட்டோம்: 2022 மார்ச் சட்டத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 8 லட்சம் அமெரிக்க டாலர், குறிப்பிட்ட பகுதிகளுக்கு வெளியே என்றால் 10 லட்சத்து 50 ஆயிரம், பத்துப் பேருக்கு வேலை. அவ்வளவு பணம் இருந்தால் என்னிடம் ஏன் வருகிறார்.

மிஞ்சியது இ-2. அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டுக் குடிமகன் கணிசமான பணத்தைப் போட்டு, ஒரு தொழிலை வாங்கியோ தொடங்கியோ, தானே முன்நின்று நடத்தினால் கிடைக்கும் விசா. கனடா ஒப்பந்த நாடு. இலங்கையும்தான். இந்தியா இல்லை. இங்கே பார்ப்பது கையில் உள்ள பாஸ்போர்ட்டை, பிறந்த ஊரை அல்ல, ஆகவே திருச்சிக்காரருக்குச் சிக்கல் இல்லை. டிஎன் போல இதை எல்லையில் வாங்க முடியாது, கனடியரும் தூதரகத்தில் விண்ணப்பித்து விசா ஒட்டித்தான் போக வேண்டும்.

எவ்வளவு என்ற கேள்வி

பிசினஸ் வாங்கித் தரும் ஒரு தரகர் அவரிடம் "ஒரு லட்சம் டாலர் போதும், அதுதான் சட்டம்" என்று சொல்லியிருந்தார். சட்டத்தில் அப்படி எந்தத் தொகையும் இல்லை. பார்ப்பது விகிதத்தை: அந்தத் தொழிலை வாங்க அல்லது அமைக்க ஆகும் மொத்தச் செலவில் உங்கள் சொந்தப் பணம் எத்தனை பங்கு. சின்னத் தொழில் என்றால் ஏறக்குறைய முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும், பெரிய தொழில் என்றால் விகிதம் குறையலாம்.

அந்தத் தரகர் கொண்டு வந்த முதல் சரக்கு ஒரு காயின் லாண்ட்ரி, காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் கடை. 2 லட்சத்து 40 ஆயிரம் டாலர், நல்ல தெருமுனை, மெஷின்கள் தானே ஓடும், சாயங்காலம் மட்டும் ஒரு பகுதிநேர ஆள். நண்பருக்குப் பிடித்துவிட்டது. வரவு செலவைப் பார்த்தேன், ஒரு குடும்பம் சாப்பிட்டு வாடகை கொடுக்கச் சரியாக இருந்தது. இ-2வுக்கு அதுதான் கோளாறு. முதலீட்டாளர் குடும்பத்தின் பிழைப்புக்கு மேல் எதுவும் ஈட்டாத தொழிலை மார்ஜினல் என்று ஒதுக்குவார்கள், நம் பாஷையில் வயிற்றுப்பாட்டுக் கடை. ஐந்து வருஷத்துக்குள்ளாவது அதைத் தாண்டும், நாலு பேருக்கு வேலை கொடுக்கும் என்று காட்ட வேண்டும். தானே ஓடும் மெஷினை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீர்கள்? வீடு வாங்கி வாடகைக்கு விடுவது, காலி மனை வாங்கிப் போடுவது எல்லாம் இதை விட மோசம், அது முதலீடாகவே சேராது.

2024 பிப்ரவரியில் லாண்ட்ரியைக் கைவிட்டோம். மே மாதம் அவர் தனக்குத் தெரிந்த தொழிலிலேயே ஒன்றைப் பிடித்தார். ஹூஸ்டனின் மேற்குப் பக்கத்தில், ஓட்டல்களின் வாக்-இன் கூலர், கடைகளின் ஏசி பார்க்கும் கம்பெனி. ஐந்து ஊழியர்கள், நாலு வேன், ஓய்வு பெற நினைக்கும் முதலாளி. விலை 3 லட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டாலர். இதில் 75 ஆயிரத்தை முதலாளியே கடனாக விட்டுவைக்கத் தயார், ஆனால் வேன்களையும் கருவிகளையும் அடமானமாகக் கேட்டார். வாங்கும் தொழிலின் சொத்தை அடமானம் வைத்த கடன் முதலீட்டுக் கணக்கில் வராது. வக்கீல் அதை அப்படியே விட்டுவிட்டு மீதியைப் பார்க்கச் சொன்னார்: கையிலிருந்து 2,65,000, நடைமுறைச் செலவுக்கு 30,000, ஆக மொத்தச் செலவு 3,70,000இல் சொந்தப் பணம் 2,95,000. ஏறக்குறைய 80 சதவீதம். போதும் என்றார்.

அன்றைய மாற்று விகிதத்தில் அது கனடிய டாலரில் 4 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. பங்காளி கொடுத்தது 3,10,000. தகுதியுள்ள சிறுதொழில் பங்குகளை விற்றால் கனடாவில் 10 லட்சத்துக்கும் மேல் வாழ்நாள் வரிவிலக்கு இருப்பதால் அந்த லாபத்துக்குத் தனியாக மூலதன ஆதாய வரி விழவில்லை. மீதியில் 40 ஆயிரம் சீட்டு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஸ்கார்பரோவில் நம் ஆட்களிடையே சீட்டு எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இ-2வில் ஒவ்வொரு டாலரும் எங்கிருந்து வந்தது என்று வங்கித் தாளோடு காட்ட வேண்டும். இருபது பேர் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த ஒரு அக்கா கையெழுத்துப் போட்ட சீட்டுக் காசை எந்த அதிகாரியிடம் எப்படி விளக்குவது? அதை எடுத்துக் குடித்தனச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, பிராம்ப்டன் வீட்டின் மேல் 95 ஆயிரம் கடன் எடுத்தார்கள். அது அவருடைய சொந்த வீடு, சொந்தப் பொறுப்பு. அதனால் அந்தக் கடன் கணக்கில் சேர்ந்தது.

பணம் ஏற்கனவே இறங்கியிருக்க வேண்டும், பேங்கில் சும்மா கிடந்தால் முதலீடு இல்லை. அப்போ விசா மறுக்கப்பட்டால்? அதற்கு எஸ்க்ரோ: மூன்றாவது கையில் பணம் இருக்கும், விசா வந்தால் விற்பவருக்கு, வராவிட்டால் திரும்ப இவருக்கு, வேறு எந்த நிபந்தனையும் இல்லாமல். இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

நான் பிடிவாதம் பிடித்த ஒரே இடம் கம்பெனியின் வகை. விற்பவரிடம் இருந்தது எல்எல்சி என்ற வகை. எல்எல்சியின் லாபத்துக்கு அமெரிக்கா உரிமையாளர் மேலேயே வரி போடும், கனடா அதைத் தனிக் கம்பெனியாகப் பார்க்கும். கனடாவில் வரிக் குடியிருப்பு இருக்கிற ஒருவர் அதை வைத்திருந்தால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி கட்ட வழி இருக்கிறது. அதனால் டெக்சாஸில் புதிதாக ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி, சொத்துகளை அதற்குள் வாங்கினோம்.

அவர் மனைவி கேட்டது

இவ்வளவும் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மாதக் கணக்காக நடந்தது. அவர் மனைவி டீ கொண்டு வருவார், உட்கார்ந்து கேட்பார், போவார். ஜூனில் படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒருநாள் சொன்னார்: "அண்ணா, என்ர வேலை என்னாகும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

உண்மைதான். கேட்கவில்லை. நர்ஸ் டிஎன் பட்டியலில் இருக்கும் தொழில். அவர் பெயரில் போயிருந்தால் கம்பெனி வாங்காமலேயே குடும்பம் போயிருக்கலாம், ஆனால் டிஎன்காரரின் கணவருக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, நண்பர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்திருப்பார். இ-2வில் தலைகீழ்: முதலீட்டாளரின் துணைக்கு வேலை உரிமை அந்த விசா நிலையோடே வருகிறது. முன்பு தனி அனுமதி அட்டைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், 2021 நவம்பரில் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு அது மாறியது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இ-2எஸ் என்று இருந்தால் அதுவே வேலைக்கான சான்று.

ஆனால் டெக்சாஸ் உரிமம் வேண்டுமே. ஒன்டாரியோ நர்ஸ்கள் 2015இலிருந்துதான் அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸை எழுதுகிறார்கள். 2011இல் பதிவானவர் எழுதியது பழைய கனடியத் தேர்வு, அது டெக்சாஸில் செல்லாது. பதிமூன்று வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவர் மறுபடி பாடப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம், அதோடு டெக்சாஸின் நர்சிங் சட்டத் தேர்வு வேறு. அன்றைக்கே பதிவு செய்தார்.

நேர்காணலும் கிளம்பலும்

விண்ணப்பம் டொரான்டோவில் யூனிவர்சிட்டி அவென்யூவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனது. ஆளுக்கொரு டிஎஸ்-160 விசாப் படிவம், கம்பெனிக்கு டிஎஸ்-156இ படிவம், ஆளுக்கு 315 டாலர், ஐந்து வருஷத் திட்டம், வங்கித் தாள்கள். அக்டோபரில் நேர்காணல். தொகையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதிகாரி கேட்டது, "டெக்சாஸ் உரிமம் யாரிடம் இருக்கிறது? அவர் நாளைக்கு வேலையை விட்டால்?"

நல்ல கேள்வி. டெக்சாஸில் ஏசி கான்ட்ராக்டர் உரிமம் இல்லாமல் கம்பெனி நடத்த முடியாது, அதற்கு உரிமம் உள்ள ஒருவரின் கீழ் கடந்த 72 மாதங்களில் 48 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். நண்பரின் 313ஏ அங்கே வெறும் காகிதம். உரிமம் வைத்திருந்தவர் கம்பெனியின் மூத்த மெக்கானிக். அவரோடு போட்ட வேலை ஒப்பந்தத்தையும், இன்னொரு மெக்கானிக் உரிமத் தேர்வுக்குப் பதிவு செய்த ரசீதையும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். நவம்பர் கடைசியில் ஐந்து வருஷ விசா ஒட்டி நாலு பாஸ்போர்ட்டும் வந்தன.

கிளம்புகிற அன்று கனடா உங்கள் சொத்துகளை நீங்கள் விற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு லாபத்துக்கு வரி கேட்கும். ஒன்டாரியோ வீட்டுக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பிக்கும் இது கிடையாது, வெளியே வைத்திருந்த பங்கு நிதிகளுக்கு உண்டு. சொத்து 25 ஆயிரத்தைத் தாண்டினால் டி1161 படிவத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும், வரி ஒன்றும் இல்லாவிட்டாலும். மறந்தால் ஒரு நாளைக்கு 25 டாலர் என்று 2,500 வரை அபராதம், நிறைய பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். டிஎஃப்எஸ்ஏ என்ற கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கை அமெரிக்கா வரியில்லாததாக ஏற்காது, போவதற்கு முன்னால் எடுத்துவிடச் சொன்னேன். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். கனடாவில் இல்லாத வீட்டுக்காரரின் மொத்த வாடகையில் 25 சதவீதத்தைப் பிடித்துக் கட்ட வேண்டும், என்ஆர்6 படிவம் ஏற்கப்பட்டால் செலவு போக மிச்சத்தில் மட்டும் பிடித்தால் போதும்.

2025 ஜனவரியில் போனார்கள். விசா ஐந்து வருஷம் என்றாலும் ஒவ்வொரு நுழைவுக்கும் கிடைப்பது இரண்டு வருஷத் தங்கல். போய்ச் சேர்ந்து ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பார்த்தால், மகளுக்கு மட்டும் ஒன்பது மாதம்தான் போட்டிருந்தது: அவள் பாஸ்போர்ட் முடிகிற தேதி அது. குழந்தைகளின் கனடியப் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மனைவியுடையதில் எஸ் என்ற எழுத்து விடுபட்டிருந்தது, அதைத் திருத்த இன்னொரு நடை. மகனுக்கு வேறு வருத்தம். பிராம்ப்டனில் வாரக் கடைசியில் டிம் ஹார்டன்ஸில் நின்று கைக்காசு சம்பாதித்தவன், இ-2 பிள்ளைகளுக்குப் படிக்க மட்டுமே அனுமதி. அப்பாவின் வேன்களைக் கழுவிக் கொடுத்துக்கூடச் சம்பளம் வாங்க முடியாது.

முதல் கோடையில் உரிமக்கார மெக்கானிக் சம்பள உயர்வு கேட்டார். கொடுத்தார், வேறு வழி? இப்போது ஆறு ஊழியர்கள்.

கிரீன் கார்டு எங்கே

இ-2வை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், ஆனால் இருபது வருஷம் இருந்தாலும் அது தானாகக் கிரீன் கார்டாக மாறாது. கம்பெனி போனால் விசாவும் போகும். அதற்கு அடிப்படையான வர்த்தக ஒப்பந்தமே நிரந்தரமில்லை, முதல் கூட்டு மறுஆய்வு 2026 ஜூலைக்கு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்கோ 21 வயது ஆன அன்று சார்பு விசா முடிந்துவிடும்.

மனைவி 2025 ஏப்ரலில் என்கிளெக்ஸ் தேறினார், ஜூலையில் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். கணவரின் விசாவில் வந்தவர் என்பதால் வெளிநாட்டு நர்ஸ்களுக்கான விசாஸ்கிரீன் சான்றிதழ் வேலைக்குச் சேரத் தேவைப்படவில்லை, கிரீன் கார்டு கட்டத்தில் வேண்டும். மூன்று லட்சம் டாலர் போட்ட கம்பெனியால் முடியாததை அந்த வேலை செய்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை நர்ஸ்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் பற்றாக்குறைத் தொழில் என்று முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கிறது, அவர்களுக்காக முதலாளி உள்ளூரில் ஆள் தேடிக் காட்ட வேண்டியதில்லை. மருத்துவமனை 2026 ஜனவரியில் அவருக்காக ஈபி-3 என்ற வேலைவழிக் கிரீன் கார்டு மனுவைப் போட்டது.

பிறந்த ஊர் இங்கேதான் வருகிறது. கிரீன் கார்டு வரிசையில் பாஸ்போர்ட்டைப் பார்க்க மாட்டார்கள், பிறந்த நாட்டைப் பார்ப்பார்கள். திருச்சியில் பிறந்தவர் கனடியரானாலும் இந்திய வரிசைதான், ஈபி-3இல் அது பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் பொது வரிசையில் நிற்பார், மனு போட்ட 2026 ஜனவரியில் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் பின்தங்கல். கணவரும் மனைவியின் வரிசையிலேயே நிற்கலாம். மனு போட்டது மட்டுமே இ-2 நிலையை மறுக்கக் காரணமாகாது என்று விதியில் இருக்கிறது, ஆனாலும் நிலுவை இருக்கும்போது அடுத்த முறை விசா புதுப்பிப்பதைப் பற்றி வக்கீலோடு தனியாகப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

மகனுக்கு 2029 மார்ச்சில் 21. மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க 2002இலிருந்து ஒரு சட்டம் உண்டு, அது கொஞ்சம் கைகொடுக்கும். தவறினால் அவன் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இன்ஜினியரிங் படிக்கப் போவதாகச் சொல்கிறான். முடித்தால் கனடியன் என்பதால் டிஎன் அவனுக்குத் திறந்திருக்கும், அப்பாவுக்குக் கிடைக்காத அதே டிஎன்.

கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் விசா புல்லட்டின் வெளியாகும் ஒவ்வொரு மாதமும் நண்பர் இப்போது ஹூஸ்டனிலிருந்து போன் பண்ணுகிறார். வேனில் இருந்துகொண்டுதான் பேசுவார், பின்னால் கம்ப்ரெஸர் சத்தம் கேட்கும்.

"எத்தனை வாரம் நகந்துச்சு?"